அறுபத்து மூன்று பூக்கள்

பாக்கியசீலன் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் தாவரவியல் நடத்தினார். அந்த முப்பத்தோரு வருடத்தில் அவர் ஒரு செடிகூட வளர்த்ததில்லை. அதை அவர் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சமாதானபுரத்தில் அவர் கட்டிய வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் சிமெண்ட் போட்டிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, பாம்பு அண்டாது, செருப்பில் சேறு ஒட்டாது. செடி இல்லையே என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. செடிகள் பாடப்புத்தகத்தில் இருந்தன.

ஓய்வு பெற்ற வருடம் கிறிஸ்துமஸுக்கு மகள் எப்சி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். புத்தாண்டு ஆராதனைக்கு மறுநாள் மதியச் சமையலைத் தானே செய்வதாகச் சொன்னாள். ஃப்ரைடு ரைசும் கோழிக்குழம்பும். குழம்புக்குக் கறிவேப்பிலை இல்லாததால் பக்கத்து வீட்டு ரைஹானத்திடம் போய் ஒரு கொத்து வாங்கி வந்தாள். வந்தவள் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போகிற போக்கில் சொன்னாள்.

“அப்பா, ஊருக்கே பாட்டனி சொல்லிக் குடுத்துட்டு, ஒரு கறிவேப்பிலைக்கு நாம அடுத்த வீட்டுக் கதவத் தட்டுதோம்.”

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் குடைமிளகாயை நறுக்க ஆரம்பித்தாள். மனதில் எதையும் வைத்துச் சொன்னதல்ல. ஆனால் பாக்கியசீலன் அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அது வரி விளம்பரப் பக்கம்.

பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனார். வெட்டுப் பலகையின் ஓரத்தில் குடைமிளகாயின் நடுத்தண்டும் அதில் அப்பியிருந்த வெள்ளை விதைகளும் கிடந்தன. அந்தக் காயின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வருடத்துக்கு இரண்டு தடவை கரும்பலகையில் வரைந்தவர் அவர். அச்சுச் சூல் ஒட்டுமுறை என்று அம்புக்குறி போட்டுப் பாகம் குறிப்பார். அவருடைய மாணவர்களில் கால்வாசிப் பேராவது இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதை வரைவார்கள். விதையை எத்தனை ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அது பாடத்தில் இல்லை.

அவர் இருபது விதைகளை எண்ணி எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். எப்சி என்ன என்று கேட்டதற்குச் சும்மா என்றார்.

மகள் ஊருக்குப் போன பின் இருபது காகிதக் கோப்பைகள் வாங்கினார். தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டுச் செம்மண் கொண்டுவந்தார். கோப்பைக்கு ஒரு விதை. வரிசையாக மாடிப்படியில் வைத்து, ஒவ்வொன்றின் மீதும் தேதி எழுதினார். இருபதிலும் ஒரே தேதிதான். மனைவி இன்பமணி தபால் ஆபீசில் வேலை பார்த்தாள், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. காலையில் படியில் கோப்பைகளைப் பார்த்துவிட்டு, யாரும் காலை வைத்து மிதித்துவிடாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

இருபத்தைந்து நாட்கள் அவர் தண்ணீர் ஊற்றினார். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரைஹானத் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் மேலப்பாளையம். கணவர் சவூதியில் இருந்தார். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். தைக்கிற நேரம் போக மீதி நேரத்தில் என்ன கிடைத்தாலும் மண்ணில் ஊன்றி வைப்பாள். பெயின்ட் டப்பாவில் கத்தரி, உடைந்த குடத்தில் புதினா, பழைய வாஷிங் மெஷினின் தொட்டியில் ஒரு பப்பாளி. அவள் கோப்பைகளைக் காட்டி, என்ன சார் போட்டிருக்கீங்க என்று கேட்டாள். அவர் தாவரவியல் பெயரைச் சொன்னார். அவள் சரி சார் என்று உள்ளே போய்விட்டாள்.

இருபத்தாறாம் நாள் மாலை நாலு மணிக்கு, காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பாக்கியசீலனுக்கு விளங்கியது. எப்சி நறுக்கியது பச்சைக் காய். பச்சைக் காயின் விதை முற்றியிராது. முற்றாத விதை முளைக்காது. ஐந்து மதிப்பெண் வினா. எத்தனையோ தடவை அவரே கேட்டிருக்கிறார். அவர் காபியைக் குடித்து முடித்து, இருபது கோப்பைகளையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். இன்பமணி வந்து கேட்டபோது கோப்பை சரியில்லை என்றார்.

வகுப்பிலும் அவர் அப்படித்தான். மாணவன் எழுந்து தெரியாத ஒன்றைக் கேட்டால், அது அடுத்த பாடத்தில் வரும் என்பார். அடுத்த பாடத்தில் கேட்டால், காலேஜில் வரும் என்பார். தெரியாது என்கிற சொல்லை அவர் வகுப்பறையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதனாலேயே அவருக்கு நல்ல பெயர். பாக்கியசீலன் சாருக்குத் தெரியாதது கிடையாது என்று ஊரில் சொல்வார்கள்.

இரண்டாம் தடவைக்கு அவர் கடையில் நன்றாகச் சிவந்த பழமாகப் பார்த்து வாங்கினார். மறுபடி இருபது விதை, புதுக் கோப்பைகள். ஒன்பதாம் நாள் காலையில் ஒரு கோப்பையில் மண் லேசாக விரிந்திருந்தது. மறுநாள் வெள்ளைக் கொக்கி மாதிரி ஒரு தண்டு வளைந்து நின்றது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். விதை முளைத்தலைப் பற்றி அவர் பேசியிருக்கிற பேச்சைச் சேர்த்தால் பல நாட்கள் வரும். விதை முளைத்து அவர் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இன்பமணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பையைத் தோளில் மாட்டியபடி பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவள் பஸ்ஸைத் தவறவிடுகிற ஆள் இல்லை. அன்றைக்குத் தவறவிட்டாள்.

பதினோரு நாற்று வந்தது. சந்தோஷத்தில் அவர் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினார். ஒரு வாரத்தில் ஏழு நாற்றுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்துத் துவண்டு படுத்துவிட்டன. நாற்றழுகல் நோய், காரணமான பூஞ்சை, பரவும் விதம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். மீதி நாலு நின்றன. இரண்டு நல்ல உயரம், கெட்டித் தண்டு. இரண்டு நோஞ்சான், வெளிர் இலை.

மாடியில் வைக்க இரண்டு தொட்டிகள்தான் வாங்கியிருந்தார். மிச்ச இரண்டை என்ன செய்வது என்று யோசித்தபோது ரைஹானத்தின் நினைவு வந்தது. எத்தனையோ வருடக் கறிவேப்பிலைக்கு ஒரு பதில் மரியாதை. நோஞ்சான் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். கொடுக்கும்போது, இருக்கிறதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து வந்ததாகச் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. ரைஹானத் நாற்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப சந்தோஷம் சார் என்றாள்.

தன்னுடைய இரண்டையும் அவர் மொட்டை மாடியில், நிழலே படாத நடு இடத்தில் வைத்தார். ஒளிச்சேர்க்கைக்குச் சூரிய ஒளி தேவை. மாடியில் அது தாராளமாக இருந்தது. செடிகள் தளதளவென்று வளர்ந்தன. ஏப்ரல் கடைசியில் மொட்டு விட்டன. முதல் பூ விரிந்த அன்று அவர் ஒரு நோட்டு வாங்கினார்.

மூன்றாம் நாள் பூ உதிர்ந்தது. நோட்டில் ஒன்று என்று எழுதினார். அடுத்து இரண்டு பூ விரிந்தன, இரண்டும் உதிர்ந்தன. மகரந்தச் சேர்க்கையில் குறை என்று முடிவு செய்து, சின்னக் குழந்தைகள் வர்ணம் தீட்டுகிற தூரிகை ஒன்று வாங்கி, தினம் காலை பத்து மணிக்கு மாடியேறி ஒவ்வொரு பூவுக்குள்ளும் பையத் தடவினார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப் போட வந்தவர்கள் பார்த்தார்கள். பாக்கியசீலன் சார் பூவுக்குப் பெயின்ட் அடிக்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அவரைப் பற்றி என்பதால் யாரும் சிரிக்கவில்லை. ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

பூக்கள் காம்போடு கழன்று விழுந்துகொண்டே இருந்தன. இன்பமணி ஆபீசிலிருந்து திரும்புவதற்குள் அவர் மாடியைப் பெருக்கிவிடுவார். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் விளக்குமாற்றைத் தொட்டது கிடையாது. மாடி மட்டும் இப்படிச் சுத்தமாக இருப்பதைக் கண்டு அவள் என்ன நினைத்தாளோ, கேட்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் நோட்டில் எண் அறுபத்து மூன்று ஆனது. காய் ஒன்றும் இல்லை.

அந்த வாரம்தான் ரைஹானத் மதிலருகே வந்து அவரைக் கூப்பிட்டாள்.

“சார், ஒரு நிமிசம் வந்து பாக்கணும். நீங்க குடுத்த செடி ஒரு பக்கமா சாயுது. காய் கனம் தாங்கல. என்ன செய்யட்டும்?”

பாக்கியசீலன் போய்ப் பார்த்தார். அவள் வீட்டின் கிழக்கு ஓரம், குளியலறைச் சுவருக்கும் முருங்கைக்கும் நடுவில் இரண்டு பெயின்ட் டப்பாக்கள் இருந்தன. தைக்க வந்த துணிகளை நனைத்து உலர்த்துகிற கொடி அதற்கு மேலே போனது. ஒரு செடியில் ஏழு காய்கள், இன்னொன்றில் ஐந்து. பளபளவென்று, கைக்கு அடங்காத அளவில். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு குச்சி நட்டுக் கட்டலாம் என்றார். அவள் உடனே ஒரு குச்சியும் ஜாக்கெட் துணிக் கிழிசலும் கொண்டுவந்து கட்டினாள். கட்டிக்கொண்டே, எல்லாம் சார் குடுத்த நாற்றின் ராசி என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

சொல்லித்தான் இருந்தாள். அடுத்த பத்து நாளில் ஆறு பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி நாற்று கேட்டார்கள். ஒருவர் மாமரத்தில் கரையான் ஏறுவதற்கு மருந்து கேட்டார். குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் சுடலைராஜ் சிமெண்ட் வியாபாரி, எந்த நல்ல காரியத்தையும் கூட்டம் போட்டுச் செய்கிறவர். அவர் நேரில் வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு கார் ஷெட்டில் வீட்டுத்தோட்டம் பற்றி சார் பேச வேண்டும் என்றும், குரூப்பில் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றும் சொன்னார். பாக்கியசீலன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்றிருக்கலாம். எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேற்கிலிருந்து குற்றாலத்துச் சாரல் காற்று நன்றாக வீசியது. கார் ஷெட்டில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், நின்றவர்கள் தனி. இன்பமணி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு ஸ்டூலில், எல்லோரும் பார்க்கும்படி, ரைஹானத்தின் ஏழு காய்ச் செடி டப்பாவோடு நின்றது. அதற்குச் சுடலைராஜ் ஒரு மாலை போட்டிருந்தார்.

பாக்கியசீலன் முதல் இருபது நிமிடம் நன்றாகப் பேசினார். சொலானேசி குடும்பம், தக்காளியும் கத்தரியும் அதன் உறவினர், பூவின் அமைப்பு. கேட்டவர்களில் நாலைந்து பேர் அவருடைய பழைய மாணவர்கள். அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சுடலைராஜ், யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். மூன்றாம் வரிசையிலிருந்து ருக்சானா என்கிற பெண் எழுந்தாள். அடுத்த தெருவில் குடியிருப்பவள்.

“சார், எனக்கு மொளகாச் செடில பூ நிறைய வருது. ஒண்ணுகூட நிக்க மாட்டேங்கு. கொட்டிக்கிட்டே இருக்கு. என்ன செய்யணும்?”

பாக்கியசீலன் தொண்டையைச் செருமினார். காம்பின் அடியில் உதிர்தல் அடுக்கு என்று ஒன்று உருவாகிறது, எத்திலீன் என்கிற ஹார்மோன் அதைத் தூண்டுகிறது என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள். சரி சார், அதுக்கு என்ன செய்யணும் என்றாள்.

தகரக் கூரையில் காற்று தட்டியது. அது அடுத்த பாடத்தில் வரும் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அடுத்த பாடம் இல்லை. எதிரே இருந்தவர்கள் யாரும் காலேஜுக்குப் போகிற வயதில் இல்லை.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றார். “எனக்கும் கொட்டத்தான் செய்யுது. அறுபத்து மூணு பூ கொட்டியிருக்கு. எங்க வீட்டு மாடில ஒரு காய் கெடையாது.”

பழைய மாணவர்களில் ஒருவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பாக்கியசீலன் நிறுத்தியிருக்கலாம், ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்துவது அவருக்கு எளிதாக இல்லை. பச்சைக் காயின் விதையைப் போட்டு இருபத்தைந்து நாள் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னார். மூன்று வேளை ஊற்றி ஏழு நாற்றைக் கொன்றதைச் சொன்னார். கடைசியாக ஸ்டூலில் இருந்த செடியைக் காட்டினார்.

“இது நான் வளத்தது இல்ல. நாலு நாத்துல நல்லது ரெண்ட நான் வச்சுக்கிட்டு, சோனி ரெண்டையும் அவங்களுக்குக் குடுத்தேன். நல்ல நாத்துன்னு பொய் சொல்லிக் குடுத்தேன்.”

எல்லோரும் ரைஹானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

“அது பாத்தாலே தெரிஞ்சிச்சு சார்,” என்றாள். “நாத்துதான, தேறிரும்னு வச்சேன்.”

சுடலைராஜுக்கு இந்த நிலைமையில் கூட்டத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. நன்றியுரை கையில் தயாராக இருந்தது. அதில் சாரின் அனுபவ அறிவு என்று இரண்டு இடத்தில் வந்தது. ஆனால் ருக்சானா இன்னும் உட்காரவில்லை. அவள் ரைஹானத்திடம் திரும்பி, அப்போ நீங்க சொல்லுங்க, பூ கொட்டினா என்ன செய்யணும் என்றாள். ரைஹானத் செடி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். தகர ஷீட்டுக்குப் பக்கத்தில் என்றாள் ருக்சானா. அங்கிருந்து எடுத்துவிடச் சொன்னாள் ரைஹானத். பிறகு ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். பாக்கியசீலன் முன்னால் இருந்த தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் இன்பமணிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து, ரைஹானத் சொன்னதை எழுதிக்கொண்டார்.

இன்பமணியோடு வீட்டுக்கு நடந்து வரும்போது பாதித் தெருவில் அவர், அவமானமாகப் போய்விட்டதா என்று கேட்டார். அவள் யோசித்தாள். அப்படித் தோன்றவில்லை என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பேச்சை அவள் முழுதாகக் கேட்டது இன்றுதான் என்றும், முதல் இருபது நிமிடம் தூக்கம் வந்தது என்றும் சொன்னாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ரைஹானத் அவர் செடிகளைப் பார்க்க வந்தாள். மாடிப் படியருகே செருப்பைக் கழற்றிவிட்டு நாலு அடி வைத்தவள், காலை மாற்றி மாற்றி எடுத்து ஓடி வந்து படியில் நின்றுகொண்டாள்.

“சார், இங்கன என்னாலயே நிக்க முடியல. செடி எப்படி நிக்கும்?”

அவருக்கு அது தோன்றவே இல்லை. அவர் எப்போதும் செருப்போடுதான் மாடியேறுவார். இருவரும் ஆளுக்கொரு தொட்டியைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து, கிழக்கு மதிலோரம், பத்து மணிக்கு மேல் நிழல் விழுகிற இடத்தில் வைத்தார்கள். அவள் விரலால் மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டு, விரலில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம் என்றாள். எவ்வளவு ஈரம் என்று அவர் கேட்டார். ஒட்டினா ஒட்டுது சார், அதுல என்ன எவ்வளவு என்றாள் அவள். தூரிகையைப் பார்த்து அது எதற்கு என்று கேட்டாள். அவர் விளக்கினார். தன் செடிக்கு அந்த வேலையை எறும்பு செய்கிறதோ காற்று செய்கிறதோ, தான் கவனித்ததில்லை என்றாள். அவள் கவனிக்காத ஒன்றைத் தான் கவனித்திருக்கிறோம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி.

ஜூலையில் வந்த பூக்களில் எட்டு உதிர்ந்தன. ஒன்பதாவது உதிரவில்லை. இதழ் காய்ந்து, காம்பு கனத்து, நடுவில் பச்சையாக ஒரு பட்டாணி தெரிந்தது. அவர் எப்சிக்குப் படம் எடுத்து அனுப்பினார். அதில் பட்டாணி எங்கே இருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் வட்டம் போட்டு மறுபடி அனுப்பினார். அடுத்து ஐந்து காய் பிடித்தது. ஒன்று அடியில் கறுத்து அழுகிப் போனது, இன்னொன்றை அணில் கடித்தது. கடித்ததையும் அவர் பறிக்காமல் விட்டு வைத்தார். ஏன் என்று இன்பமணி கேட்டதற்குத் தெரியாது என்றார். இப்போதெல்லாம் அவர் அந்தச் சொல்லைச் சற்று அதிகமாகவே பயன்படுத்தினார். கேஸ் புத்தகம் எங்கே, கரண்ட் எப்போது வரும், எதைக் கேட்டாலும் தெரியாது என்று தாராளமாகச் சொன்னார். இன்பமணிக்கு அதில் எரிச்சல்கூட வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு நல்ல காய்களில் பெரியதாக இரண்டைக் கத்தரிக்கோலால் வெட்டினார். இன்பமணி ஆபீசில் இருந்தாள். அவள் வருவது வரை பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. போனில் கேட்டுக் கேட்டு, வெங்காயம் வதக்கி, தேங்காய் துருவிப் போட்டு ஒரு பொரியல் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த முதல் சமையல். இன்பமணி கவுன்டரில் ஆட்களை வைத்துக்கொண்டு நாலு தடவை போனை எடுத்தாள். ஐந்தாம் தடவை எடுக்கவில்லை. அதனால் கடைசிக் கட்டத்தை அவரே முடிவு செய்தார்.

பாதியை ஒரு கிண்ணத்தில் போட்டு மதிலுக்கு மேலே ரைஹானத்திடம் நீட்டினார். அவள் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணம் திரும்பி வந்தது. வெறும் கிண்ணமாகக் கொடுக்கக்கூடாது என்று அதில் நாலு கத்தரிக்காய் போட்டிருந்தாள்.

“காய் நல்லா இருக்கு சார். நல்ல பருவத்துல பறிச்சிருக்கீங்க,” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “உப்புதான் போடல,” என்றாள்.

பாக்கியசீலன் உள்ளே போய்த் தன் பங்கை ருசி பார்த்தார். போடவில்லைதான். அடுப்பை மறுபடி பற்றவைத்து, இன்பமணி வருவதற்குள் சரி செய்ய உப்பு ஜாடியைத் தேட ஆரம்பித்தார்.